ஒன்பது ஒன்பதாக ஐம்பத்து நான்கு படிகள்

அன்புள்ள அக்காவுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று எழுதினால் முதல் சொல்லே பொய்யாகிவிடும். எனவே ஆவலோடு மட்டும் தொடங்குகிறேன். அத்தானுக்கு என் வணக்கத்தைச் சொல்லவும்.

இடுப்பெலும்பு முறிந்து நீ இறங்க முடியாமலும், மூட்டுவாதத்தால் நான் ஏற முடியாமலும், நாம் நேரில் பார்த்துப் பதினான்கு மாதமாகிறது. லிஃப்ட் இல்லாத உன் மூன்று மாடியின் படிகளை அத்தானை இரண்டு முறை எண்ணச் சொன்னேன்: ஐம்பத்து நான்கு. எங்கள் கட்டடத்திலும் அதே எண்ணிக்கைதான் என்பதால் இங்கேயே பழகுகிறேன். பிசியோதெரபி செய்கிற பெண் விதித்தது எளிமையானது: ஒன்பது படி, ஐந்து நிமிடம் உட்கார வேண்டும், மறுபடி ஒன்பது. வலித்த பிறகு உட்காரக் கூடாதாம், வலிக்கும் முன்பே உட்கார வேண்டுமாம். வலிக்கப்போவது எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். "தெரியாது மேடம், அதுக்குத்தான் கடிகாரம்" என்றாள்.

இவர் விடுவாரா? ஒவ்வொரு திருப்பத்திலும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டுவிட்டார். காலியாக இருந்தால்தானே? முதல் நாற்காலியில் எதிர்வீட்டு ஆடிட்டர் செய்தித்தாளோடு உட்கார்ந்திருந்தார். பெருந்தன்மையாக எழுந்து இடம் கொடுத்தவர், தன் சித்தப்பா இதே மூட்டுவாதத்தில் படிப்படியாக எப்படிப் போய்ச் சேர்ந்தார் என்று ஐந்து நிமிடமும் விவரித்தார். இரண்டாவதில் மாடிவீட்டுக்காரி தலையணையைக் காயவைத்திருந்தாள். "அப்படியே உக்காருங்கக்கா, பஞ்சுதானே!" என்று அதன்மேலேயே உட்காரவைத்து, தன் மாமியாரைப் பற்றிச் சொல்லத் தொடங்கினாள். ஏறுவது சிரமமில்லை அக்கா, இளைப்பாறுவதுதான் உயிரை வாங்குகிறது.

போன மாதம் ஒருநாள் துளி வலியில்லாமல் விழித்தேன். முப்பது வயது திரும்பிவிட்டதுபோல் இருந்தது. எட்டு மணிக்குள் திரைச்சீலை எல்லாம் துவைத்துப் போட்டு, ஐம்பத்து நான்கையும் நிற்காமல் ஏறி, உச்சியில் நின்று அழைப்பு மணியை அழுத்திவிட்டேன். கதவைத் திறந்த புதுக் குடித்தனக்காரன் பாதி முகச்சவரத்தோடு நின்றிருந்தான். "யாரு வேணும்?" என்றான். அக்கா என்று வாய்வரை வந்தது. மென்று விழுங்கிவிட்டு, "ஒண்ணுமில்ல, சும்மா" என்றேன்.

பிறகு நான்கு நாள் படுக்கை. டம்ளரைக்கூட இவர்தான் பிடித்துக் கொடுத்தார். "நாலு நாள் வேலைய ஒரே நாள்ல முடிச்சா மூணு நாள் லீவு கிடைக்கும்னு நெனச்சியா?" என்று அதற்கொரு குத்தல் வேறு. பிசியோதெரபிப் பெண்ணோ, "நீங்க நல்லா இருக்கிற அன்னிக்குத்தான் மேடம் எனக்குப் பயமா இருக்கு" என்கிறாள்.

ஆகவே தீர்மானமாகச் சொல்கிறேன். இப்போது முறையாக உட்கார்ந்து எழுந்து நாற்பத்தைந்து வரை ஏறுகிறேன், மறுநாள் தண்டனையில்லாமல். கடைசி ஒன்பதும் கைகூடும்வரை வருவதாக இல்லை, இரண்டு மாதமாகலாம். உணர்ச்சிவசப்பட்டுக் கிளம்புகிற வயதில்லை நமக்கு. "எப்ப வர்ற?" என்று கேட்பதை நிறுத்து. கேட்காமல் தொலைபேசியில் பெருமூச்சு விடுவதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

மாத்திரையை நேரத்துக்குப் போட்டுக்கொள். அத்தானை அதட்டாதே. இருவரும் சுகமாக இருக்க வேண்டும்.

உன் தங்கை

பி.கு.: வியாழக்கிழமை காலை ரயிலில் வருகிறோம். நாற்பத்தைந்தாவது படியிலிருந்து உன் வாசல் தெரியும் என்று அத்தான் சொன்னார். நீ வாசலுக்கு வந்து உட்கார்ந்துகொள், நான் அங்கேயே உட்கார்ந்துவிடுகிறேன். நடுவில் ஒன்பது படிதானே, கத்தாமலே பேசலாம்.