ஐஸ் பெட்டி மேல் தலைவர் முகம்

ஈஸ்டருக்கு முந்தின போன லெந்து நாட்களில், உபவாச ஜெபம் முடிந்து கேம்ப் ரோடு பஸ் ஸ்டாப்பில் நிற்கும்போது ஜோசலின் அக்காதான் இதை எனக்கு முதலில் சொன்னார்கள். சாவு நடந்த ரத்தினபாய் அக்கா வீட்டுக்கு எதிர்வீடு அவர்களுக்கு. வாசலில் நின்று எல்லாவற்றையும் பார்த்தவர்கள்.

சேலையூரில் "இறுதிவரை இணைந்திருப்போம் அறக்கட்டளை" என்று ஒன்று உண்டு. சாவு வீட்டுக்கு இலவசமாக ஐஸ் பெட்டி கொடுப்பார்கள். போன் செய்தால் பெட்டி வரும், காரியம் முடிந்ததும் போகும். பல வருஷமாக ஒரு குறையும் கிடையாது. அதுதான் குறை என்று தலைவர் லக்ஷ்மிநாராயணன் சாருக்கு ஒருநாள் பட்டுவிட்டது. இவ்வளவு செய்தும் பேப்பரில் ஒரு வரி வரவில்லையே! உடனே நாவலூர் கம்பெனி ஒன்றிலிருந்து உமேஷ் என்ற தம்பியை அழைத்து வந்து, ஊடகத் தொடர்பு மற்றும் நற்பெயர் மேம்பாட்டு அலுவலர் என்று நாற்காலி போட்டுக் கொடுத்தார்.

உமேஷ் நன்றாக ஆராய்ந்து அறிக்கை வைத்தார். பெட்டியைப் பயன்படுத்திய பயனாளிகள் எவரும் மறுமுறை நம்மை நாடுவதில்லை. சேவை குறித்து அவர்களில் ஒருவர்கூடக் கருத்துத் தெரிவித்ததாகப் பதிவு இல்லை. புகைப்படங்களில் எல்லாரும் அழுகிறார்கள், இது நிறுவனத்தின் தோற்றத்துக்கு உகந்ததல்ல. பெட்டியின் பக்கத்தில் எழுதிய பெயரை மாலைகள் மறைக்கின்றன. ஆகவே, வருகிறவர்கள் எங்கே பார்க்கிறார்களோ அங்கே நம் விளம்பரம் அமைவது அவசியமாகிறது.

வருகிறவர்கள் எங்கே பார்ப்பார்கள்? முகத்தைத்தான். எனவே உடலை வைத்து மூடியதும், முகத்துக்கு நேர் மேலே கண்ணாடியில், தலைவர் சிரிக்கிற படத்தைப் பெரிய ஸ்டிக்கராக ஒட்டுவது என்று தீர்மானம் நிறைவேறியது. மூடியையும் பெட்டியையும் சேர்த்து ஒட்ட வேண்டும். யாரும் கழற்றிவிடக் கூடாதல்லவா.

முதல் ஸ்டிக்கர் ரத்தினபாய் அக்கா வீட்டில்தான் ஒட்டப்பட்டது. அவர்கள் வீட்டுக்காரர் தேவானந்தம் சார், ரிட்டயர்டு வாத்தியார், திடீரென்று நெஞ்சுவலியில் போய்விட்டார். ஒரே மகள் ஜென்சி தோஹாவில் வேலை. மறுநாள் காலைதான் வந்து சேர முடியும். அப்பா முகத்தை ஒரு தடவை பார்க்கணும், அதுவரைக்கும் வச்சிருங்கம்மா என்று போனில் கதறியிருக்கிறாள். பெட்டி கேட்டதே அதற்காகத்தான்.

"தம்பி, அவர் முகமே தெரியலையேப்பா" என்றார்கள் ரத்தினபாய் அக்கா.

"அவர் முகம் உங்களுக்குத் தெரிஞ்சதுதானே ஆன்ட்டி. தலைவர் முகம்தான் இன்னும் ஜனங்களுக்குத் தெரியல" என்றார் உமேஷ்.

சாவு வீட்டில் சண்டை போட யாருக்குத் தெம்பு இருக்கும்? வந்தவர்கள் வரிசையாக நின்று லக்ஷ்மிநாராயணன் சாரைப் பார்த்து அழுதுவிட்டுப் போனார்கள். யாரோ அதைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போட, சாயங்காலத்துக்குள் பல்லாவரம் வரைக்கும் லக்ஷ்மிநாராயணன் சார் காலமாகிவிட்டார். ஜி.எஸ்.டி. ரோட்டில் கண்ணீர் அஞ்சலி பேனர்கூட ஏறிவிட்டது.

உமேஷ் பதறிப்போய் மறுப்பறிக்கை எழுதிக்கொண்டு தலைவர் வீட்டுக்கு ஓடினார். தலைவர் சோபாவில் உட்கார்ந்து போனைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாராம். கொடை வள்ளல் என்று ஒருவர், ஏழைகளின் தந்தை என்று ஒருவர்.

"உயிரோட இருக்கறப்ப ஒருத்தரும் இப்படிச் சொன்னதில்லப்பா. மறுப்பைத் திங்கட்கிழமை விடலாம்" என்றார். பேனரில் இருக்கும் படத்துக்குப் பதிலாக நீலச் சட்டை போட்ட படத்தை வைக்க முடியுமா என்றும் கேட்டிருக்கிறார்.

காலையில் ஜென்சி வந்தாள். பெட்டியைப் பார்த்தாள். முன்பின் தெரியாத மனுஷர் சிரித்துக்கொண்டிருந்தார்.

"மூடியைத் திறங்க."

"படம் கிழிஞ்சிடும் மேடம்" என்றார் உமேஷ்.

"கிழியட்டும்."

தலைவருக்கென்று பெரிய மாலையோடு வந்திருந்த ஒருவர் குறுக்கே வந்தார். "செத்தவர் படத்தைக் கிழிக்கலாமாம்மா? பாவமில்ல?"

"அவர் எங்க சார் செத்தார்? செத்தது எங்க அப்பா."

உமேஷ் குரலைத் தாழ்த்தினார். "மறுப்பு திங்கட்கிழமைதான் மேடம் வருது. அதுவரைக்கும் அலுவல் முறைப்படி அவர் காலமானவர்தான்."

ஜென்சி உள்ளே போய்த் தேங்காயெண்ணெய் பாட்டிலை எடுத்து வந்து ஸ்டிக்கர் மேல் கவிழ்த்து, நகத்தாலும் துப்பட்டாவாலும் சுரண்ட ஆரம்பித்தாள். முதலில் தலைவரின் நெற்றி போயிற்று, பிறகு மூக்குக்கண்ணாடி, பிறகு கன்னம். கீழிருந்து கொஞ்சம் கொஞ்சமாக அப்பா வந்தார். நல்ல பசை போலிருக்கிறது, மீசை மட்டும் வரவே மாட்டேன் என்றுவிட்டது. வாழ்நாள் முழுக்கத் தினமும் மழித்த மனுஷர், மை போட்ட பெரிய மீசையோடு படுத்திருந்தார்.

ஜென்சி பார்த்துக்கொண்டே இருந்தாள். அழுகைக்கு நடுவே சிரிப்பு வந்துவிட்டது. "அம்மா, அப்பாவுக்கு மீசை நல்லாத்தான் இருக்கு."

ரத்தினபாய் அக்காவும் கிட்டே வந்து குனிந்து பார்த்தார்கள். "வச்சிருக்கலாம் இந்த மனுஷன்" என்றார்கள்.

திங்கட்கிழமை சொன்னபடி மறுப்பு வெளியானது. அதன் கீழேயும் ஆழ்ந்த இரங்கல் என்றே போட்டார்கள். எங்கள் சபைப் பெண்கள் ஐக்கியத்தில், தலைவர் மனைவி சாவித்ரி அம்மாளுக்கு ஆறுதல் உண்டாக முழங்காலில் நின்று ஜெபித்து, அதைச் செய்தியாகவும் அனுப்பினோம். லக்ஷ்மிநாராயணன் சாரே நன்றி என்று பதில் போட்டார். அதையும் நாலு குரூப்புக்கு அனுப்பினோம். பெட்டிக்குள் இருந்தது யாரென்று எங்களில் ஒருத்தரும் கேட்கவில்லை.

ஜென்சி திரும்பிப் போய்விட்டாள், ரத்தினபாய் அக்கா வீட்டில் தனியாக இருக்கிறார்கள். கேம்ப் ரோடு பக்கம் போனால் ஒரு ஐந்து நிமிஷம் அவர்களோடு உட்கார்ந்துவிட்டு வாருங்கள். போனை மட்டும் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.