உதவியாளர் கண் மூடிய படம்

உதவியாளருக்குக் கண்காணிப்பாளர் பதவி தள்ளிப்போனது அவர் வேலை செய்யாததால் அல்ல. அதை அந்த அலுவலகத்தில் யாரும் குறையாகக் கருதியதில்லை. படம் சரியில்லை என்பதே காரணம்.

இயக்குநர் ஒரு பயிற்சிக்குப் போய் வந்திருந்தார். ஒருவர் எங்கே உட்கார்ந்திருக்கிறார், கை எதன்மேல் இருக்கிறது, வெளிச்சம் எந்தக் கன்னத்தில் விழுகிறது என்பதை வைத்தே அவருடைய சமூக நிலையை அறுதியிட்டுவிடலாம் என்று அங்கே சொல்லிக்கொடுத்தார்களாம். வண்ணம் பொய் சொல்லுமாம். ஆகவே, பதவி உயர்வு வேண்டுவோர் துணையுடன் முறைப்படி எடுத்த கறுப்பு வெள்ளைப் படத்தைச் சமர்ப்பிக்க வேண்டும் என்று ஆணை பிறந்தது.

பதவி கிடைத்துவிட்டதாகவே மாமனார் வீட்டில் சொல்லிவைத்திருந்த உதவியாளர், மனைவியை அழைத்துக்கொண்டு ஸ்டூடியோவுக்கு ஓடினார். அவர் உட்கார்ந்தார், அவள் பின்னால் நின்று தோளில் கை வைத்தாள். படம் பிரமாதமாக வந்தது. தேர்வுக் குழு கூடி ஆராய்ந்து, மனைவியின் கை அழுத்துவதால் இவர் சுயமாக முடிவெடுக்கமாட்டார் என்று எழுதித் திருப்பி அனுப்பியது.

அடுத்த தடவை அவள் உட்கார்ந்தாள், அவர் நின்றார். வீட்டிலேயே நாற்காலி கிடைக்காதவருக்கு அலுவலகத்தில் எதற்கு என்று குழு கேட்டது. பிறகு இருவருமே நின்றார்கள். நடுவில் நாற்காலி காலியாக இருந்ததால், பதவியில் நாட்டமில்லை என்று தீர்ப்பாயிற்று.

மனைவிக்குப் பொறுமை போய்விட்டது. "துணிக்கு இஸ்திரி போட்டே என் கை தேஞ்சுபோச்சு. இனிமே நீங்களே தனியாப் போய் உட்காருங்க."

"துணையோடன்னு ஆணையில இருக்கே."

"நாற்காலியைத் துணைன்னு சொல்லிக்கோங்க."

கவலையில் தூக்கம் கெட்டிருந்தவர், ஸ்டூடியோவில் தனியாக நாற்காலியில் உட்கார்ந்து, விளக்கு பளிச்சென்றதும் கண்ணை மூடிவிட்டார். மறுபடி எடுக்க அவகாசமில்லை. அதுவே போயிற்று.

குழு அதை வெகுநேரம் பார்த்தது. இயக்குநர் எழுந்தே நின்றுவிட்டார்.

"பாருங்கய்யா, நாற்காலியில உட்கார்ந்ததும் உலகத்தையே மறந்துட்டார். இப்படி ஒருத்தரைத்தான் நாம தேடிக்கிட்டிருந்தோம்."

அன்றே ஆணை வந்தது. மனைவியால் நம்பமுடியவில்லை.

"கண்ணை மூடினதுக்கா குடுத்தாங்க?"

"ஆமா. இனிமே திறக்காமப் பார்த்துக்கணும், அவ்வளவுதான்" என்றார் புதுக் கண்காணிப்பாளர்.

அவர் சொன்ன சொல் தவறவில்லை. இப்போது அவர் மேசைக்கு முன்னால் மனுவோடு நிற்கும்போது நம்மில் யாரும் இருமுவதுகூட இல்லை. ஐயா சிந்தனையில் இருக்கிறார், நாளைக்கு வரலாம் என்று நாமே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டு, சத்தம் வராமல் கதவைச் சாத்திவிட்டுத் திரும்புகிறோம்.