எட்டாம் நம்பரா, ஐந்தாம் நம்பரா

ரோதமுனி துணை

எல்கடுவ
9.3.1997

அன்பும் மரியாதையும் உள்ள மதினி சுந்தரம்மா அவர்களுக்கு, உங்கள் தம்பி பெண்சாதி கமலாட்சி கும்பிட்டு எழுதிக்கொள்வது. இங்கே நானும் கோழிகளும் சுகம். உங்கள் முழங்கால் வலி இறங்கி நீங்களும் சுகமாக இருக்க வேண்டும்.

மதினி, வருகிற மாதம் உங்கள் தம்பியின் வருசத் திதிக்கு அவருடைய கால் சப்பாத்தையும் படையலில் வைக்க வேண்டும், பத்திரமாக எடுத்து வை என்று போன கடிதத்தில் எழுதியிருந்தீர்கள். அந்த விசயமாகத்தான் எழுதுகிறேன். கோபப்படாமல் வாசிக்கவும். சப்பாத்து இப்போது இல்லை. நான் ஓடி ஓடித் தேய்த்துவிட்டேன்.

ஐம்பத்தாறு வயதில் எதற்கு ஓட்டம் என்று கேட்பீர்கள். வயசாகிவிட்டது என்று மலையில் கொழுந்து வேலையிலிருந்து என் பேர் வெட்டி வீட்டில் உட்கார்ந்த கையோடு எனக்கும் சீனி வியாதி வந்துவிட்டது. டிஸ்பென்சரி ஐயா தினமும் வேகமாக நடக்கச் சொன்னார். இதையேதான் உங்கள் தம்பிக்கும் சொன்னார், அவரும் எட்டாம் நம்பரில் வெள்ளைச் சப்பாத்து வாங்கி, நாலு நாள் நடந்து, ஐந்தாம் நாள் மழை என்று அதைத் தூக்கிப் பலகையில் வைத்தார். மழை விட்ட பிறகும் எடுக்கவில்லை. அதை நான் போட்டுக்கொண்டேன். முன்பக்கம் தொளதொள என்று கிடந்ததால் அவர் இடுப்பில் கட்டிய பழைய சாரத்தைக் கிழித்துத் திணித்தேன். நடந்து பார்த்தால் அவர் ஞாபகம் வந்து அழுகை வருகிறது. ஓடினால் மூச்சு வாங்குகிறது, அழுவதற்கு நேரம் இல்லை. அதனால் ஓடினேன்.

முதல் நாள் நான் ஓடியதைப் பார்த்து லயத்துச் சனமே பின்னால் ஓடி வந்தது. தோட்டத்தில் பொம்பளை ஓடினால் சாவு, இல்லாவிட்டால் பாம்பு. பக்கத்து வீட்டு மாரிமுத்து அண்ணன் பாதிச் சவரத்தோடு வந்து, "யாரு புள்ள போயிட்டா?" என்றார்.

"யாரும் போகல. நான்தான் போறேன்."

"எங்க போற?"

"மதகு வரைக்கும்."

வாய்க்கு வந்தபடி ஏசினார். ஆனால் வந்தது வந்தாச்சு என்று மதகு வரைக்கும் கூடவே ஓடி வந்தார். அடுத்த கிழமை, சந்தியில் காவல் நிற்கிற ஆமிக்காரப் பிள்ளை துவக்கோடு என்னை மறித்து, யார் துரத்துகிறார்கள் என்று சிங்களத்தில் கேட்டான். "சீனி" என்றேன். பாவம், எனக்குப் பின்னால் ரோட்டை ரொம்ப நேரம் பார்த்தான். பிறகு விசாரித்தால் அவன் அம்மாவுக்கும் சீனியாம். இப்போது நான் வருவதைக் கண்டால் ரோட்டில் போட்ட தடியைத் தானே தூக்கிவிட்டு, ஓடுங்க அம்மே என்று சிங்களத்தில் சொல்லி அனுப்புகிறான்.

இப்படி நல்லபடியாகப் போய்க்கொண்டிருக்கும்போதுதான் இடது சப்பாத்தின் அடி கழன்று நாக்கு மாதிரித் தொங்கியது. கழற்றிக் கீழே வைத்தேன், திரும்ப எடுப்பதற்குள் மாரிமுத்து அண்ணன் வீட்டு நாய் அதைக் கவ்விக்கொண்டு தேயிலைக்குள் பாய்ந்துவிட்டது. நான் ஓடியதிலேயே நன்றாக ஓடியது அன்றைக்குத்தான். ஆனாலும் நாய்க்குச் சீனி இல்லை மதினி, பிடிக்க முடியவில்லை.

மாத்தளைக்கு பஸ் ஏறினேன். ஸக்கரியா முதலாளி கடையில் எட்டாம் நம்பர் கேட்டேன். அவர் என் காலைப் பலகையில் வைத்து அளந்து, "உங்களுக்கு அஞ்சும்மா. எட்டுல ஓடுனா நீங்க ஒரு பக்கம் போவீங்க, சப்பாத்து ஒரு பக்கம் போகும்" என்றார். ஐந்தைப் போட்டேன். யாரோ என் காலைக் கையால் பிடித்திருக்கிற மாதிரி இருந்தது. நடந்து பாருங்க என்றார். நான் நடப்பதில்லையே, ஓடிப் பார்த்தேன். பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் போய்த் திரும்பினால் பின்னால் நாலு பேரும் ஒரு பொலிஸ்காரரும். முதலாளி வாசலில் நின்று, "கள்ளி இல்லங்க, சப்பாத்து பாக்குறாங்க" என்று இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டிருந்தார்.

ஐந்தே வாங்கிவிட்டேன். படையலில் புது வேட்டி வைத்துக் கும்பிட்டு, பிறகு வீட்டு ஆள் கட்டுவதில்லையா? அதுபோல இதையும் அவருக்கு வைத்துவிட்டு நான் போட்டுக்கொள்கிறேன். அவர் காலுக்குப் பற்றாதுதான். எட்டு இருந்தபோதே நாலு நாள்தானே நடந்தார். ஓடப்போவது நான். நன்றாக யோசித்து எடுத்த முடிவு, இனி மாற்றமாட்டேன். சரி என்று ஒரு வரி எழுதிப்போடுங்கள்.

உங்கள் வீட்டு அண்ணனுக்கு என் கும்பிடு. பேரப்பிள்ளைகள் நோய்நொடி இல்லாமல் இருக்கட்டும். திதிக்கு முதல்நாளே வந்துவிடவும்.

இப்படிக்கு,
கமலாட்சி

பி.கு.: கடிதத்தை ஒட்டும் முன், வலது சப்பாத்தில் மிஞ்சியிருந்த அந்தச் சாரத் துணியை ஐந்தாம் நம்பருக்குள் வைத்துப் பார்த்தேன். கொஞ்சமும் இடமில்லை மதினி. மறுபடி பஸ் ஏறிப் போய் எட்டாக மாற்றிவிட்டேன். முதலாளி, "ஏம்மா, அஞ்சு நல்லாத்தானே இருந்துச்சு?" என்றார். "நல்லாத்தான் இருந்துச்சு முதலாளி, கொஞ்சம் இடம் வேணும்" என்றேன். படையலில் வைக்கும் முன் போடக்கூடாது என்று தெரியும். மதகு வரைக்கும் மட்டும்தான் போட்டேன்.