ஏமாறாதவருக்கு வந்த பாராட்டு

ஏமாறாதவர் என்று ஓர் இனம் உண்டு. நீங்களும் பார்த்திருப்பீர்கள். ஏமாற்றுகிறவனால் வரும் தொல்லை ஒரு பங்கு என்றால், ஏமாறாதவரால் வரும் தொல்லை மூன்று பங்கு. ஏமாற்றுகிறவன் இருப்பதைச் சுருட்டிக்கொண்டு போய்விடுகிறான். ஏமாறாதவர் போகவே மாட்டார். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நாம் எப்படி ஏமாந்தோம் என்பதை நமக்கே விளக்குவார்.

நாம் பார்க்கப்போகிற ஏமாறாதவர், லிஃப்ட் பழுதுபார்க்கும் கம்பெனி ஒன்றில் ஸ்டோர் பொறுப்பாளர். கதவு உருளை, இரும்புக் கயிறு, பொத்தான் பலகை எல்லாவற்றையும் எண்ணி வாங்கி எண்ணிக் கொடுப்பது அவர் வேலை. அலுவலகத்தில் அவருக்கு உஷார் சார் என்று பெயர். முதுகுக்குப் பின்னால் வைத்த பெயர்தான். ஆனால் ஒருநாள் அது காதில் விழுந்தபோது அவர் கோபித்துக்கொள்ளவில்லை; பட்டமளிப்பு விழாவில் வாங்கியதுபோல மகிழ்ச்சியோடு வைத்துக்கொண்டார்.

மதியச் சாப்பாட்டு மேசைதான் அவருடைய மேடை. 'உங்கள் கணக்கு முடக்கப்பட்டுள்ளது, இன்றைக்குள் இந்த லிங்கை அழுத்திச் சரிபார்க்காவிட்டால் பணம் கிடைக்காது' என்று, பணம் அனுப்பும் ஆப் கம்பெனியின் பெயரில் எவனோ மெயில் அனுப்பியிருப்பான். நமக்கென்றால் விரல் தானாக லிங்குக்குப் போகும். அவருக்கோ, பல நாள் பார்க்காத மைத்துனனைக் கண்டதுபோல முகம் மலரும். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, போனை ஒரு முழம் தள்ளிப் பிடித்து, பரிசோதனையை ஆரம்பிப்பார்.

"அனுப்பினவன் பேரைப் பார்த்து மயங்கக் கூடாது. பேருக்குப் பின்னாடி ஒளிஞ்சிருக்கிற அட்ரஸைப் பார்க்கணும். பாருங்க, கோழி கிளறின மாதிரி எழுத்து. இது கம்பெனி அட்ரஸா? அப்புறம், அன்பார்ந்த வாடிக்கையாளரேங்கிறான். கணக்கு வெச்சிருக்கிறவங்க பேரு கம்பெனிக்குத் தெரியாதா? அதுக்கு மேல இந்த அவசரம்! எவன் அவசரப்படுத்துறானோ அவன் திருடன். சந்தேகமா இருந்தா மெயில்ல இருக்கிற லிங்கைத் தொடாதே, நேரா ஆப்பைத் திறந்து பாரு. யாருகிட்ட?"

அந்தக் கடைசிக் கேள்வி போனுக்கு. போன் பதில் சொல்லாது. எதிரே இருக்கும் கேஷியர் அம்மாள் மட்டும், டப்பாவை மூடிக்கொண்டே, "அப்படியா சார்" என்பார். நேற்றும் அதைத்தான் சொன்னார்.

இதில் என்ன தப்பு என்கிறீர்களா? ஒன்றுமில்லை. அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. கஷ்டமே அதுதான். தப்பாகச் சொல்கிறவரைத் திருத்திவிடலாம். சரியானதையே சொல்லிக்கொண்டிருப்பவரை என்ன செய்வது?

தனக்கு வந்த போலி மெயில்களையெல்லாம் அவர் அழிக்காமல் சேர்த்துவைத்திருக்கிறார். வீட்டுக்கு விருந்தாளி வந்தால் மற்றவர்கள் கல்யாண ஆல்பத்தை எடுப்பார்கள், இவர் இதை எடுப்பார். மனைவியின் அக்கா கணவர் ஒருமுறை இப்படி ஒரு மெயிலை நம்பிப் பணத்தைப் பறிகொடுத்தார். பார்த்து ஆறுதல் சொல்லத்தான் உஷார் சார் போனார். போய், வெந்த புண்ணில் வேலைப் பாய்ச்சிவிட்டு வந்தார். "படிச்சவர்தானே சகலை நீங்க? அட்ரஸைப் பார்க்கத் தோணலையா? சரி விடுங்க, போனது போச்சு. ஆனா எப்படித் தோணாமப் போச்சு?" சகலை அன்றிலிருந்து இவர் வருகிறார் என்றால் குளியலறைக்குள் போய்விடுகிறார்.

இன்னொரு பக்கமும் உண்டு. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பவருக்கு எல்லாமே வழுக்கத்தானே செய்யும்? அண்ணன் மகள் கல்யாணப் பத்திரிகையை மெயிலில் அனுப்பினாள். மண்டபத்துக்கு வழி காட்டும் லிங்க் அதில் இருந்தது. 'அன்புடையீர்' என்று ஆரம்பித்திருந்தது. போதாதா? மோசடி என்று புகார் கொடுத்துவிட்டு நிம்மதியாகத் தூங்கினார். கல்யாணம் இவர் இல்லாமலே நன்றாக நடந்தது.

இத்தனைக்கும் அவர் கெட்டவர் இல்லை. உண்மையைச் சொன்னால், பாவம். ஒவ்வொரு போலி மெயிலையும் அந்தப் பணம் அனுப்பும் கம்பெனிக்கு அனுப்பி, கீழே விளக்கமாக ஒரு பக்கம் எழுதுவார். பதிலுக்கு இயந்திரம் ஒரு வரி அனுப்பும்: 'தங்கள் புகார் பெறப்பட்டது.' அவர் எதிர்பார்த்தது அது இல்லை. நல்ல வேலை செய்தீர்கள் ஐயா என்று யாராவது ஒருத்தர் சொல்லமாட்டாரா என்று அந்த மனசு ஏங்கிக்கொண்டிருந்தது. வீட்டிலும் சொல்வாரில்லை, அலுவலகத்திலும் சொல்வாரில்லை. 'அப்படியா சார்' எந்தப் பசிக்குக் காணும்?

இந்த இடத்தில் அவர் மனைவியைப் பற்றிச் சொல்லவேண்டும். குழந்தைகளுக்கு கவுன் தைத்து ஆன்லைனில் விற்கிறவர். படுக்கையறை மூலையில் ஒரு தையல் மிஷின், கட்டிலுக்கடியில் துணி மூட்டை, கதவுக்குப் பின்னால் தொங்கும் தைத்த கவுன்கள் என்று வருஷக்கணக்கில் இடுக்கில் உட்கார்ந்து தைத்தவர், இப்போதுதான் தெருமுனையில் ஒரு சின்னக் கடை பேசியிருந்தார். வருகிற வெள்ளிக்கிழமை அட்வான்ஸ் கொடுக்கவேண்டும். அந்தப் பணம் முழுக்க, வாடிக்கைக்காரர்கள் செலுத்திச் செலுத்திச் சேர்ந்த அவருடைய பேமென்ட் கணக்கில் இருந்தது. கணக்கு மனைவி பெயரில், போன் நம்பரும் மனைவியுடையது. மெயில் முகவரி மட்டும் கணவருடையது. "மெயில் விஷயமெல்லாம் உனக்கு வேண்டாம், ஏமாத்திடுவாங்க" என்று கணக்கு திறந்த அன்றே அந்தப் பொறுப்பை உஷார் சார் வாங்கிக்கொண்டிருந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அந்த மெயில் வந்தது.

'மதிப்பிற்குரிய, விழிப்பு மிக்க வாடிக்கையாளரே! மோசடிகளைக் கண்டறிவதில் தாங்கள் காட்டிவரும் கூர்மை எங்களை வியக்கவைக்கிறது. தங்களைப் போன்ற மிகச் சிலரையே இவ்வாண்டு விழிப்புணர்வுச் செம்மல் விருதுக்குத் தேர்ந்தெடுத்துள்ளோம். பாராட்டுப் பத்திரத்தைப் பெற, இன்று மாலைக்குள் கீழே உள்ள லிங்கில் நுழைந்து கணக்கை உறுதிசெய்யவும்.'

உஷார் சார் கூடத்தில் உட்கார்ந்து லேப்டாப்பில் படித்தார். திரும்பப் படித்தார். உச்சி குளிர்ந்துவிட்டது. மெயிலில் அவர் பெயர் இல்லை, ஆனால் 'விழிப்பு மிக்க' என்று இருந்ததே, அது தன் பெயர் இல்லாமல் வேறு யார் பெயர்? மாலைக்குள் என்றது அவசரமாகவே படவில்லை. இவ்வளவு நாள் தாமதித்ததே அதிகம் என்றுதான் பட்டது. முகவரியைப் பார்த்தாரா? பாராட்டுகிறவனிடம் போய் யாராவது நீ யார் என்று கேட்பார்களா? லிங்கை அழுத்தினார், மனைவி கணக்கின் கடவுச்சொல்லைப் போட்டார். போனுக்கு வந்த ஓடிபியைக் கொடு என்று கேட்டது திரை.

"இங்க பாரு, உன் போனுக்கு ஒரு நம்பர் வந்திருக்கா?" என்று கூடத்திலிருந்து கூப்பிட்டார்.

மிஷின் நின்றது. "வந்திருக்குங்க."

"சொல்லு."

"யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு அதுலயே போட்டிருக்கே."

"அது வெளி ஆளுக்கு. நான் யாரு?"

"பெத்த அப்பனே வந்து கேட்டாலும் சொல்லாதேன்னு எங்க அக்காகிட்ட சொன்னீங்களே?"

"அப்பன்னுதானே சொன்னேன்? புருஷன்னு சொன்னேனா?"

"என்னத்துக்குன்னு சொல்லுங்க, அப்புறம் தர்றேன்."

"எல்லாத்துக்கும் உனக்கு விளக்கம் சொல்லணுமா? சீக்கிரம் சொல்லு, நேரம் போயிட்டிருக்கு!" என்று அவர் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்து மூடியது.

கத்தியதுதான் வினையாயிற்று. இல்லை, புண்ணியமாயிற்று. வாயில் கவ்வியிருந்த குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்துத் துணியில் குத்திவிட்டு, போனை இடுப்பில் செருகிக்கொண்டு அந்த அம்மாள் எழுந்து வந்தார். இருபது வருஷமாகத் தெரிந்த மனிதர் இப்படிப் பறந்து அவர் பார்த்ததில்லை. வந்தவரைப் பார்த்ததும் கணவருக்குக் கோபம் போய்ப் பெருமை வந்துவிட்டது. லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினார்.

"நீதான் மதிக்கமாட்டே. உலகம் மதிக்குது, படி."

அவர் நிதானமாகப் படித்தார். பிறகு கேட்டார்: "யாருக்குங்க எழுதியிருக்கான்? பேரே போடலையே?"

உஷார் சார் குனிந்து, மிக மெதுவாக, அனுப்பியவர் பெயர் மேல் அம்பை வைத்தார். உள்ளே இருந்த முகவரி வெளியே வந்தது: கோழி கிளறின மாதிரி எழுத்து. சகலையிடம் கேட்ட கேள்வியெல்லாம் வரிசையாக நினைவுக்கு வந்தது. 'எப்படித் தோணாமப் போச்சு?' அவமானத்தைவிடப் பயம் பெரிதாக இருந்தது. போயிருந்தால் போயிருப்பது தன் பணம் இல்லையே.

"கடை…" என்றார்.

"பாஸ்வேர்டைப் போட்டுட்டீங்களா?"

தலையை ஆட்டினார்.

அந்த அம்மாள் உடனே தன் போனில் ஆப்பைத் திறந்து, கடவுச்சொல்லை மாற்றி, ஆப்பிலேயே இருந்த உதவி எண்ணைக் கூப்பிட்டுப் பேசினார். ஓடிபி போகாததால் உள்ளே யாரும் நுழையவில்லை. பணம் வைத்த இடத்தில் வைத்தபடி இருந்தது. பிறகு கட்டிலில் உட்கார்ந்து கொஞ்சநேரம் அழுதார். கணவர் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, எங்கே நிற்பது என்று தெரியாமல் கதவுக்குப் பின்னால் தொங்கிய கவுன்களுக்கு நடுவில் நின்றார்.

இதற்குமேல் ஒரு மனிதன் திருந்தாமல் இருக்க முடியுமா? முடியும். திங்கட்கிழமை மதியம் சாப்பாட்டு மேசையில் அவர் குரல் முன்னைவிடக் கணீரென்று கேட்டது.

"நேத்து எங்க வீட்டுலயே ஒரு கேஸ்! பாராட்டுங்கிறான், விருதுங்கிறான். வீட்டுல ஓடிபியைச் சொல்ற மட்டுக்கும் போயாச்சு. நான் ஒரு சத்தம் போட்டேன் பாருங்க!"

கேஷியர் அம்மாள் முதல்முறையாக டப்பாவைக் கீழே வைத்தார். "நல்லவேளை சார், நீங்க இருந்தீங்க!" அந்த வார்த்தையை உஷார் சார் கண்ணை மூடி வாங்கிக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை அட்வான்ஸ் கொடுத்தாயிற்று. கடையும் திறந்தாயிற்று. திறந்த அன்று கேஷியர் அம்மாள் பேத்திக்குக் கவுன் வாங்க வந்தார். வந்தவர் சும்மா இருந்தாரா? "அன்னிக்கு சார் மட்டும் சத்தம் போடலைன்னா இந்தக் கடையே இல்லையாமே!"

உஷார் சார் அளவு டேப்பைச் சுற்ற ஆரம்பித்தார். சுற்றி முடித்து, பிரித்து, மறுபடி சுற்றினார். மனைவி அவரை ஒரு பார்வை பார்த்தார்.

"ஆமாங்க" என்றார், கவுனை மடித்துக்கொண்டே. "அவரு போட்ட சத்தத்துலதான் எனக்கே சந்தேகம் வந்துச்சு."

சொன்னதில் ஒரு எழுத்து பொய் இல்லை. அன்று சாயங்காலம் வரை உஷார் சார் யாருக்கும் எந்த விளக்கமும் சொல்லவில்லை.

இப்போது உங்களிடம் வருகிறேன். படிக்கும்போது தெரிந்தவர்கள் இரண்டு மூன்று பேர் முகம் வந்துபோயிருக்கும். இதை அவர்களுக்கு அனுப்பிவைத்தால் புத்தி வருமே என்று விரலும் அரித்திருக்கும். ஆனால் நீங்கள் அப்படிப்பட்டவர் இல்லை. இவ்வளவு கூர்மையாக, கடைசிவரை பொறுமையாகப் படிக்கிறவர் ஊருக்கு ஒருவர் இருந்தால் அதிகம். முகஸ்துதி உங்கள் வாசலுக்கு வரும்போதே மோப்பம் பிடித்துவிடுவீர்கள்.

என்ன, உதட்டோரம் லேசாகச் சிரிப்பு வருகிறதா? அது அடங்கும்வரை தயவுசெய்து எதையும் அழுத்தாதீர்கள்.