பூசணி மிசே வைத்த பொட்டு

எங்கள் முத்தியால்பேட்டையில் யார் வீட்டில் எந்தக் கெடுதல் நேர்ந்தாலும் அதற்குப் பூசணி மிசேதான் காரணம். வியாபாரம் படுத்தாலும், கல்யாணப் பேச்சு தட்டிப்போனாலும், வாங்கின புது வண்டி மக்கர் செய்தாலும் கை நீளுவது அவர் வீட்டுப் பக்கம்தான். ஒற்றை ஆளாக இப்படி ஒரு பெயரைச் சம்பாதித்தவரைப் புதுச்சேரியில் நான் வேறு பார்த்ததில்லை.

மிசே என்பது எங்கள் ஊர்ப் பெரியவர்கள் வாயில் 'ஐயா' மாதிரி. பிரெஞ்சு பென்ஷன் வாங்குகிறவர்களுக்கு உண்டான மரியாதை. நம் ஆள் மில்லில் தறி ஓட்டினவர். மில்லை மூடின பிறகு ஒரு ஜவுளிக்கடை வாசலில் வாட்ச்மேன். பிரெஞ்சில் அவருக்குத் தெரிந்த ஒரே சொல் அவருடைய பட்டப்பெயர்தான். சொந்தப் பெயர் ரேஷன் கடைக்காரருக்குத் தெரிந்திருக்கலாம்.

பூசணி ஒட்டிக்கொண்டது ஆயுத பூஜையால். அன்று சாயங்காலம் பட்டறை, கடை, ஆட்டோ என்று வாசலுக்கு வாசல் பூசணிக்காய் சுற்றி உடைப்போம். உள்ளே குங்குமத்தையும் சில்லறையையும் போட்டு, நடுரோட்டில் ஓங்கி அடித்தால் திருஷ்டி கழிந்தது. அப்புறம் அதன் மேல் வண்டி ஏற்றி வழுக்கி விழுகிறவன் பாடு அவனுடையது. மிசே அன்றைக்கு விளக்குமாறும் கோணிப்பையுமாகத் தெருவில் இறங்குவார். காய் தரையில் சிதறின சூட்டோடு வாரிப் பையில் போட்டுக்கொண்டு அடுத்த வாசலுக்குப் போய்விடுவார்.

லேத்துப் பட்டறை வைத்திருக்கும் தனசேகருக்கு இது பொறுக்காது.

"மிசே, அது ரோட்ல கெடந்து நசுங்கினாதான் திருஷ்டி போவும். நீ வாரிட்டா எங்க போவும் அது?"

"எங்கூடவே வந்துடும்."

"ஒன்ன புடிச்சிக்கும்யா."

"புடிக்கட்டும். கண்ணு வைக்கற மாதிரி எங்கிட்ட இனிமே என்னா இருக்குது?"

இதைச் சொல்லும்போது அவர் குனிந்து பெருக்கிக்கொண்டே இருப்பார். அந்த வருடம் பட்டறையில் ஆர்டர் குறைந்தால், திருஷ்டி முழுசாகப் போகவில்லை என்று தனசேகர் தெரு முழுக்கச் சொல்லுவார்.

மிசே இப்படி வாருவதற்குக் காரணம் எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஒரு ஆயுத பூஜைக்கு மறுநாள் காலையில் மனைவி கமலாவைப் பின்னால் உட்காரவைத்து மிசே மொபெட்டில் வந்தார். எங்கள் தெரு மெயின்ரோட்டில் போய்ச் சேரும் முனையில் ஒரு வேன் வேகமாகத் திரும்பியது. மிசே பிரேக் பிடித்தார். சக்கரத்துக்கு அடியில் பூசணிக்காய். அவருக்கு முழங்கையில் சிராய்ப்பு, அந்த அம்மாவுக்குத் தலையில் அடி. ஆஸ்பத்திரியிலிருந்து அவர் மட்டும்தான் திரும்பி வந்தார். மொபெட்டை விற்றுவிட்டார். யாராவது ஆறுதல் சொல்லப் போனால், "ஓட்டனது நான்தானப்பா" என்பார்.

அதன் பிறகு அந்த முனையில் ஒரு வேகத்தடை வர வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு ஆசையே இருக்கவில்லை. கவுன்சிலராக நின்றவர், ஜெயித்தவர், தோற்றவர் எல்லோரிடமும் கேட்டுப் பார்த்தார். வேகத்தடை வருகிறவரைக்கும் தானே தடையாக இருப்பது என்று முடிவு செய்து, சாயங்கால வேளையில் முனையில் போய் நின்றுகொண்டார். வேகமாக வருகிற பையன்களைக் கைகாட்டி நிறுத்துவார். பையன் லிஃப்ட் கேட்கிறார் என்று நினைத்து நிற்பான்.

"வூட்ல சொல்லிட்டு வந்தியாப்பா?"

"என்னாத்த?"

"கெளம்பறேன்னு. திரும்பி வருவியோ மாட்டியோ, சொல்லிட்டு வரணும் இல்ல?"

கல்யாணப் பத்திரிகை வைக்கக் கிளம்பிய ஒரு மாப்பிள்ளையை நிறுத்தி இதையே கேட்டார். அந்தக் குடும்பம் வீட்டுக்குத் திரும்பிப் போய், தண்ணீர் குடித்து, மறுபடி வேறு வழியாகப் போனது. நாளாக ஆக, நல்ல காரியத்துக்குப் போகிறவர்கள் எல்லாம் அந்த முனையைத் தவிர்த்து அடுத்த தெருவில் சுற்றிப் போக ஆரம்பித்தார்கள். அவர் வாய்க்குப் பயந்தே அங்கே வண்டி குறைந்தது. அப்படியும் வேன்கள் குறையவில்லை. வேன்காரர்களுக்குச் சகுனம் பார்க்க நேரம் ஏது?

இந்த நிலையில்தான் நகரத்துச் சாலைகளைப் பத்திரமாக ஆக்கப்போகிறோம், மக்கள் யோசனை சொல்ல வேண்டும் என்று எங்கள் பேட்டைச் சமுதாயக் கூடத்தில் கூட்டம் போட்டார்கள். ஒரு அதிகாரியம்மா வந்திருந்தார். சுவர் அகலத்துக்கு ஊர் வரைபடத்தை மாட்டியிருந்தார்கள். ஆளுக்குக் கொஞ்சம் சிவப்பு வட்ட ஸ்டிக்கர் கொடுத்தார்கள். போகப் பயமாக இருக்கிற இடத்தில் ஒட்ட வேண்டும், அவ்வளவுதான். டீயும் பஜ்ஜியும் உண்டு. பெண்கள் உற்சாகமாக ஒட்டினார்கள். எங்கள் முனையில் சிவப்புக்கு மேல் சிவப்பு ஏறி இடமே தெரியவில்லை. எனக்குக்கூட நல்லது நடந்துவிடும் போலத் தோன்றியது.

அப்போது தனசேகர் பஜ்ஜியோடு வந்து, பக்கத்தில் நின்றவரிடம் மெதுவாகச் சொன்னார்.

"செவப்பு எங்க ஜாஸ்தியோ அங்க ரோட்ட அகலம் பண்ணுவாங்களாம். அளந்து வாசப்படிய பேத்துடுவாங்க."

எங்கள் தெருவில் படி இல்லாத வீடு கிடையாது. வாய்க்கால் மேல் இல்லாத படியும் கிடையாது. அதிகாரியம்மா டீ குடித்துவிட்டுத் திரும்புவதற்குள் முனையில் இருந்த ஸ்டிக்கர் எல்லாம் உரிந்துவிட்டது. கையில் வைத்திருந்தால் கேட்பார்களே என்று வேறு இடத்தில் ஒட்டினார்கள். ஒரு அம்மா மூலக்குளத்தில் தன் சம்பந்தி வீட்டு வாசலைத் தேடிக் கண்டுபிடித்து ஒட்டினார். மிச்சம் பேர் யாருக்கும் பாதகம் வேண்டாம் என்று கடலில் ஒட்டினார்கள்.

அதிகாரியம்மா வெகுநேரம் வரைபடத்தைப் பார்த்தார்.

"கடல்ல என்னங்க பயம்?"

"கப்பலு ரொம்ப ஸ்பீடா வருதுங்கம்மா," என்றார் கூட்டத்தில் ஒருவர்.

நான் சிரித்தேன். இன்று நினைத்தால் சிரிப்பு வரவில்லை.

ஜவுளிக்கடையில் பர்மிஷன் கிடைக்காமல் மிசே கடைசியாகத்தான் வந்து சேர்ந்தார். வரைபடத்தில் முனையைத் தேடி விரல் வைத்தார். சுத்தமாக இருந்தது. சுற்றிப் பார்த்தார். எல்லோரும் பஜ்ஜியைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

"எனக்கு ஒண்ணு குடும்மா."

"ஸ்டிக்கர் தீந்துடுச்சுங்க ஐயா," என்றார் அதிகாரியம்மா.

"சித்த இருங்க. வந்துடறேன்."

வேகமாக வெளியே போனார். கோபித்துக்கொண்டு போகிறார் என்றுதான் நினைத்தோம். கொஞ்ச நேரத்தில் மூச்சு வாங்கத் திரும்பி வந்தார். படி இடிக்கிற பேச்சு வழியிலேயே அவர் காதில் விழுந்திருந்தது. ஆள்காட்டி விரல் நுனியில் ஒரு ஸ்டிக்கர் பொட்டு இருந்தது. அரக்கு நிறம், ஓரம் சுருண்டு போயிருந்தது. வீட்டுக் கண்ணாடியில் கமலா ஒட்டி வைத்துவிட்டுப் போன பொட்டு. பெண்கள் பார்த்தவுடனே புரிந்துகொண்டார்கள். பசை போயிருந்ததால் அது நிற்கவில்லை. மிசே நாக்கில் தொட்டு ஈரம் பண்ணி, முனையில் வைத்து, உள்ளங்கையால் அழுத்திக்கொண்டு நின்றார்.

"இங்கதாம்மா. மொனையில மொத வூடு என்னுதுதான். இடிக்கறதா இருந்தா எம் படிய மொதல்ல இடிச்சிக்குங்க."

யாராவது எழுந்து கடலில் இருந்து ஒன்றை எடுத்து அவருடைய பொட்டுக்குப் பக்கத்தில் வைத்திருந்தால் இந்தக் கதை வேறு மாதிரி முடிந்திருக்கும். எல்லோருக்கும் அவரவர் படி முக்கியமாக இருந்தது.

அதற்கப்புறம் மிசே வாரம் தவறாமல் அந்த அலுவலகத்துக்கு நடந்து போவார். வேகத்தடை என்ன ஆயிற்று என்று கேட்க மாட்டார்.

"பொட்டு இருக்குதுங்களா? உழுந்துடலியே?"

முதலில் அங்கே சிரித்தார்கள். பிறகு எரிச்சல் பட்டார்கள். கடைசியில் அவர் தலையைப் பார்த்ததுமே ஒருவர், "இருக்குது, இருக்குது, போங்க" என்பாராம். அதைக் கேட்டால் போதும், திரும்பி நடந்துவிடுவார். இடிப்பது எதுவும் அந்தத் திட்டத்தில் இல்லவே இல்லை என்று பிற்பாடு தெரிந்தது. நிறைய ஸ்டிக்கர் விழுந்த இடங்களில் முதலில் வேலை என்பது ஏற்பாடு. ஒற்றைப் பொட்டு இருந்த இடம் வரிசையில் எங்கேயோ கடைசியில் நின்றது. அது தெரிந்த பிறகும் எங்கள் தெருவில் யாரும் யாருடைய முகத்தையும் பார்த்து அதைப் பற்றிப் பேசவில்லை.

மழைக்காலத்தில் மிசேவுக்குக் காய்ச்சல் வந்தது. நெஞ்சில் சளி கட்டி, ஒரு மத்தியானம் போய்விட்டார். பிள்ளைகள் இல்லை. காரியத்துக்குத் தெருதான் நின்றது. செலவுக்கு முதலில் கை கொடுத்தவர் தனசேகர். எங்கள் பக்கத்தில் சாவுக்குச் செய்கிற தடபுடல் உங்களுக்குத் தெரியும். மேளம், ரதம், கூடை கூடையாகச் சாமந்தியும் ரோஜாவும். வழி நெடுக உதிர்த்துப் போட்டுக்கொண்டே போவார்கள். பின்னால் வருகிற வண்டிகள் அதில் வழுக்குவதும் வழக்கம்தான்.

ரதம் கிளம்பியது. முன்னால் நின்ற பையன் ஒரு கை பூவை அள்ளி ஓங்கினான். தனசேகர் அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"ரோட்ல போடாதப்பா. வண்டிங்க வருது."

"பூ போடாம எப்டிண்ணே?"

"இவுரு போறப்ப வாணாம்."

தனசேகர் அழுதுகொண்டிருந்தார். பையன் பூவைக் கூடையிலேயே திரும்பப் போட்டான். அந்த முனையைத் தாண்டும்போது மேளக்காரர்கள்கூட ஓரமாக ஒதுங்கி நடந்தார்கள். சுடுகாடு வரைக்கும் ரோட்டில் ஒரு இதழ் விழவில்லை. அத்தனை கூடைகளையும் ஆளுக்கொன்றாகச் சுமந்துபோய் அங்கேதான் கவிழ்த்தோம். கட்டை அடுக்குவதற்கு முன்னால் மிசேவின் முகம் மட்டும்தான் வெளியே தெரிந்தது. வழியில் சிந்தாததால் மொத்தப் பூவும் அவருக்கே வந்து சேர்ந்திருந்தது. எங்கள் தெருவில் இதுவரை அவ்வளவு பூவோடு போனவர் வேறு யாருமில்லை.