ஜீவானந்தம் சாரின் சொட்டு மருந்து

நவம்பர் 18, வெள்ளி

நேற்றைய குறிப்பில் ஒரு சிறு தவறு. எங்கள் அலுவலகத்தில் முதலில் 'மெட்ராஸ் ஐ' வந்தது ஜெனிக்கு என்று எழுதிவிட்டேன். முதலில் வந்தது ஜீவானந்தம் சாருக்கு. அவர்தான் சீனியர், ஆகவே அதுதான் முறையும்கூட.

பகிர்ந்து வாழும் பண்பை உலகம் எங்கேனும் கற்க விரும்பினால், ஊரப்பாக்கத்தில் மனை விற்கும் எங்கள் அலுவலகத்துக்குத்தான் வர வேண்டும். இங்கே கை கழுவும் இடத்தில் எல்லோருக்கும் ஒரே துண்டு. ஜீவானந்தம் சார் அதில் கண்ணைத் துடைத்துவிட்டு, அடுத்தவர் வசதிக்காக உதறி, அழகாக மடித்து மாட்டுவார். கண்ணைக் கசக்கிய அதே கையால் மிக்சர் அள்ளித் தருவார். மறுத்தால் மனம் வாடுவார்.

திங்களன்று ஜெனிக்கும் கண் சிவந்ததும் மேலாளர் சம்பத் சார் அவசரக் கூட்டம் போட்டார்.

"இது பார்த்தாலே பரவும். நாளையிலேர்ந்து எல்லாரும் கூலிங் கிளாஸ்."

"பார்வையால பரவாது சார், கையாலதான்..." என்று தொடங்கினேன்.

"ஷ்யூரா தெரியுமா தீபா?"

எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. உட்கார்ந்துவிட்டேன்.

உடனடியாக 'கண் பாதுகாப்புக் குழு' அமைக்கப்பட்டது. தலைவர், ஜீவானந்தம் சார். நோய் பற்றிய நேரடி அனுபவம் அவருக்குத்தானே அதிகம்!

மறுநாள் மனை பார்க்க வந்த ஒருவர், வரிசையாகக் கறுப்புக் கண்ணாடிகளைக் கண்டு வாசலிலேயே நின்றார். "இன்னா சார், உள்ள ஷூட்டிங் எதுனா நடக்குதா?" என்று கேட்டவர், பதிலுக்குக் காத்திராமல் போய்விட்டார்.

"யாராவது ஜீவானந்தம் சார்கிட்ட துண்டைப் பத்திச் சொல்லுங்கப்பா," என்றாள் ஜெனி.

"நீயே சொல்லேன்," என்றேன்.

"என் லீவு லெட்டர்ல அவர்தான் கையெழுத்துப் போடணும்!"

பக்கத்து மேசை பாலு அண்ணா பெருமூச்சு விட்டார். "எங்க வீட்டு கிரகப்பிரவேசத்துக்கு மொத ஆளா வந்து பந்தி பரிமாறினவரும்மா. எந்த முகத்தோட சொல்வேன்?"

சொல்ல வேண்டிய அவசியம் எனக்குத்தான் அதிகம். சனிக்கிழமை தாம்பரம் மாலை வகுப்பில் கணக்கியல் தேர்வு. தேறினால் அக்கவுன்ட்ஸ் பிரிவு. இல்லாவிட்டால் இதே போன், இதே 'மேடம், சைட் பார்க்க எப்போ வர்றீங்க?' சிவந்த கண்ணோடு போனால் தேர்வறைக்குள் விடமாட்டார்கள். எனவே ஒரு வாக்கியம் தயாரித்தேன். 'சார், துண்டைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.' உத்தரவு போல இருந்தது. 'வைத்துக்கொள்ளலாமா?' கிண்டல் போல இருந்தது. திருத்திக்கொண்டிருக்கும்போதே சார் என் மேசைக்கு வந்துவிட்டார். கையில் அவருடைய சொட்டு மருந்து.

"குழுவோட முன்னெச்சரிக்கை நடவடிக்கை. தலையை மேல தூக்கும்மா."

"எனக்கு ஒண்ணுமில்லையே சார்..."

"ஒண்ணுமில்லாதப்போ போட்டாத்தான் அது முன்னெச்சரிக்கை! ஜெனிக்குப் போட்டேன், பாலுவுக்குப் போட்டேன். உனக்குப் பரீட்சை வேற இருக்கு."

பாட்டிலின் முனை என் இமையில் பட்டது. 'வேண்டாம்' என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். "தேங்க்ஸ் சார்" என்று வந்தது.

இன்று காலை என் இமைகள் ஒட்டிக்கொண்டிருந்தன. வெந்நீர் தொட்டுத்தான் பிரித்தேன். வகுப்பு ஆசிரியர் ஸ்ரீரங்கன் சாருக்குப் போன் செய்தேன். "நாளைக்கு வராதம்மா. அடுத்த தேர்வு மே மாசம்தான்," என்றார்.

மாலையில் ஜீவானந்தம் சாரே அழைத்தார். குரலில் ஒரே உற்சாகம்.

"எனக்குச் சுத்தமா சரியாயிடுச்சு! உனக்கு எவன்கிட்டேர்ந்து வந்துச்சு? கண்ணு வலிக்காரன் பக்கத்துல வந்தா, 'தள்ளி நில்லு'ன்னு சொல்ல வேண்டியதுதானே? வாய் எதுக்கும்மா இருக்கு?"

"தப்புதான் சார்."

"சரி, கவலைப்படாத. பாட்டில்ல இன்னும் பாதி இருக்கு. காலைல அஸ்தினாபுரம் பக்கம்தான் வர்றேன். உன் வீட்டுக்கே வந்து போட்டுவிடறேன்."

நாளைய வேலை: கதவைத் திறக்காமல், ஜன்னல் வழியாக ஜீவானந்தம் சாரிடம் கீழ்க்கண்ட வாக்கியத்தைத் திருத்தமின்றிச் சொல்வது.

"எனக்கு இதைக் கொடுத்ததே நீங்கதான் சார்."