பத்து மணிக்குப் பாவு

உலகத்துலயே உழைப்புக்கு டைம்டேபிள் போட்டு மரியாத பண்ண மொத ஊரு, காஞ்சிபுரத்துலேர்ந்து மாகறல் போற வழியில இருக்குதே, அந்தச் சின்ன ஊருதான். நெசவு பத்து மணிக்கு. மரத்தடியில பெருசுங்க "சும்மா" குந்தறது நாலு மணிக்கு. வேன்ல வந்து எறங்கற ஜனங்க எதையும் பாக்காம போயிடக்கூடாது பாரு.

இந்தப் புரட்சிக்குக் காரணம் "ஊர் சுற்றுலா மேம்பாட்டுக் குழு"வோட மாண்புமிகு தலைவர் திருஞானசம்பந்தம். தூக்கத்துல கூட "வெல்கம்"னுதான் சொல்றாராம்.

சங்கரிக்கு மட்டும் இந்தப் பெருமை வெளங்கல. பொண்ணு புவனேஸ்வரிக்குத் தை மாசம் கல்யாணம். முகூர்த்தப் பொடவைய தன் தறியிலயே நெய்யணும்னு சிறுகச் சிறுக பட்டு நூலு சேத்து வச்சிருந்தா. நெய்யறதுக்கு முன்னாடி பாவ, அதான் பொடவைக்கு நீளவாக்குல போற நூலுங்கள, தெரு நீளத்துக்கு நீட்டி, கஞ்சி தடவி, பதமா காய வைக்கணும். வெயில் ஏறறதுக்குள்ள முடியணும், இல்லன்னா நூலு வெறச்சிப் போயி அறுந்துடும். ஆனா விடியகாலைல தெரு பூரா ஹோம்ஸ்டேக்காரங்க வேன் நிக்குதே?

தலைவர்கிட்ட போனா.

"அண்ணே, நாளைக்கு ஒரு நாளு மட்டும் வெள்ளன வேன எடுக்கச் சொல்லுங்கண்ணே."

"ஐயய்யோ, கெஸ்ட்டுங்க தூங்கிக்கினு இருப்பாங்கம்மா! நீ பத்து மணிக்கு நீட்டு."

"வெயில்ல நூலு அறுந்துடுமேண்ணே?"

"அறுந்தா இன்னா? இருட்டுல நீட்டினா யாரு பாக்கறா? யாரும் பாக்காத வேல ஒரு வேலயாம்மா?"

குழு இத தீர்மானமாவே நெறவேத்தி கை தட்டுச்சு.

வேற வழி? பத்து மணிக்கு நீட்டினா. ஈரத் துணியால ஒத்தி ஒத்தி நூலக் காப்பாத்திக்கினு இருந்தா. மெட்ராஸ்லேர்ந்து வந்த பொண்ணு ஒண்ணு, கூலிங்கிளாஸ தலைக்கு ஏத்திக்கினு கேட்டுச்சு:

"ஆன்ட்டி, இது ஊஞ்சலா?"

"பாவும்மா. தொடாத."

"ஸோ க்யூட்!"

ரீல் எடுக்கணும்னு பாவு மேலயே மல்லாக்கப் படுத்துடுச்சு. பாவு நடுவுல படபடன்னு அறுந்து, பொண்ணு தரையில, நூலு மண்ணுல.

சங்கரி முந்தானிய சொருவிக்கினா. "அடிப்பாவி! எம்பொண்ணு மணையில உன் ரீலையா சுத்திக்கினு குந்துவா?" அந்தப் பொண்ணு, வேன் டிரைவர், தலைவர்னு ஒருத்தர் பரம்பரையும் பாக்கி வைக்கல. மண்ண வாரித் தூத்தினா.

"வாவ், லைவ் ஷோ!"ன்னு அந்தப் பொண்ணு படுத்தவாக்குலயே ஃபோன தூக்குச்சு. மூணு வேன் ஜனமும் எழுந்து நின்னு கை தட்டுச்சு. ஒருத்தரு "ஒன்ஸ்மோர்" கேட்டாரு. வெள்ளைக்காரர் ஒருத்தர் உருகிப் போயி கண்ணத் தொடச்சிக்கினாரு.

சாயங்காலம் தலைவர் சால்வையும் ஒரு மூட்டையுமா வந்தாரு.

"சங்கரி, குழு ஏகமனதா முடிவு பண்ணிட்டுதும்மா. தெனமும் பத்தரைக்கு நீ கத்தணும். 'நெசவாளியின் கோபம்'னு போர்டு எழுதக் குடுத்துட்டேன். மண்ண மட்டும் கொஞ்சம் கம்மியா தூத்து, கேமராவுல படுது. இந்தா, தெனம் அறுக்கறதுக்கு நூலு. அசல் பட்டு! டூப்ளிகேட்டு அறுந்தா ஜனங்களுக்கு அழுக வராதுல்ல?"

சங்கரி மூட்டையப் பிரிச்சா. தடவிப் பாத்தா.

"இதுல எம்பொண்ணுக்கு ஒரே ஒரு பொடவ நெய்ஞ்சிக்கறேண்ணே."

தலைவர் வெடுக்குன்னு மூட்டைய இழுத்து நெஞ்சோட அணைச்சிக்கினாரு.

"ஐயோ, நெய்யறதுக்கா? அதுக்கெல்லாம் சாங்ஷன் இல்லம்மா. இது அறுக்கறதுக்கு மட்டுந்தான்."